புளோரன்ஸில் பொறியியல் ஆய்வு மாநாடு: முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

ஏற்பாட்டுக் குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள், ஊர் இத்தாலியின் புளோரன்ஸ் என்று முடிவாகிவிட்டது, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். பொறியியல் மாநாடுகளுக்கு அது புதிய ஊர் இல்லை. கணினிப் பார்வைத் துறையின் ஐரோப்பிய மாநாடு 2012இல் அங்கேதான் நடந்தது. 2014இல் சிக்னல் ப்ராசஸிங்காரர்களின் ஐகாஸ்ப், 2018இல் மின்சுற்றுக்காரர்களின் இஸ்காஸ், 2019இல் மொழித் தொழில்நுட்பத்தின் ஏசிஎல். 2015 மே மாதத்தில் மென்பொருள் பொறியியலின் ஐசிஎஸ்ஈயும் உலகளாவிய வலை மாநாடும் ஒரே வாரத்தில் அந்த ஊரில் நடந்தன. ஆக, ஹால், மேடை, மைக், கேட்டரிங், மாநாட்டு வேலை தெரிந்த ஆட்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். பழைய நகரப்பகுதி முழுவதும் 1982 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, வருடம் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது, தெருக்கள் ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முந்தைய அகலத்தில் அப்படியே இருக்கின்றன. மற்ற ஊர்களில் மாநாட்டை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற வசதிகளைத் தேடுவோம். இங்கே ஊரின் நாட்காட்டியையும் கட்டடங்களையும் தெரு விதிகளையும் முதலில் பார்த்துவிட்டு, மாநாட்டை அதற்குள் பொருத்த வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

முதல் வேலை: தேதி

ஹாலுக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால் ஊரில் வேறு என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். பித்தி உவோமோ என்ற ஆண்கள் ஆடைக் கண்காட்சி வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூனிலும், ஃபோர்த்தெஸ்ஸா த பாஸ்ஸோ கோட்டையில் நடக்கும். நீங்கள் ஹால் கேட்கப் போகும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்த வாரங்களில் ஹோட்டல் வாடகை மாணவர்கள் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஏறிவிடும். ஜூன் 24 ஊரின் காவல் புனிதர் யோவானின் திருநாள், நகரத்துக்கு விடுமுறை, ராத்திரி வாணவேடிக்கை. ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகியவை நாடு முழுக்க விடுமுறை. ஈஸ்டர் ஞாயிறன்று பேராலயத்துக்கு முன்னால் பட்டாசு கட்டிய தேரை வெடிக்க வைப்பார்கள், அன்றைக்கு அந்தப் பக்கம் நடக்கவே இடம் இருக்காது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் உள்ளூர்க்காரர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள், நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. வெயிலும் கடுமை, ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று நகராமல் நிற்கும்.

என்னைக் கேட்டால் மே மாதத்தின் நடுப்பகுதி, இல்லாவிட்டால் செப்டம்பர் பின்பாதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. இவை சுற்றுலாவுக்கும் நல்ல காலம், அதனால் மலிவாக இருக்காது. ஆனால் நிர்வாகம் வேலை செய்யும், பங்கேற்பாளர்கள் மயங்கி விழ மாட்டார்கள். மூன்று தேதிகளைத் தயாராக வைத்துக்கொண்டு ஹாலிடம் போங்கள், ஒரே ஒரு தேதியோடு போனால் பேரம் பேச முடியாது.

ஹால்: பழைய அரண்மனையா, மாநாட்டு மையமா

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். ஓவியம் தீட்டிய கூரைக்குக் கீழே ஆய்வுக் கட்டுரை வாசிக்கலாமே என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வரட்டும், ஆனால் ஒரு மாலைக்கு மட்டும். நாள் முழுக்க நடக்கும் அமர்வுகளுக்குப் பழைய கட்டடம் ஒத்துவராது: ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்கு ஜன்னலை மறைக்க முடியாது, சுவரில் ஆணி அடிக்க முடியாது, எதிரொலி, படிக்கட்டு, ஒரே நேரத்தில் நான்கைந்து அமர்வுகள் நடத்த அறைகள் இல்லாமை. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் நிகழ்ச்சி நடத்தத் தனி அனுமதியும் வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும்.

நடைமுறையில் பார்த்தால் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபிரென்ஸே ஃபியேரா நிறுவனம் நடத்தும் மூன்று இடங்கள்தான் பெரும்பாலோருக்குச் சரிவரும். வில்லா வித்தோரியா என்ற 19ஆம் நூற்றாண்டு மாளிகையோடு சேர்ந்த மாநாட்டு மாளிகை, அதற்குப் பக்கத்திலேயே பலாத்ஸோ தெல்யி அஃப்பாரி, கொஞ்சம் நடந்தால் ஃபோர்த்தெஸ்ஸா கோட்டை. சில நூறு பேர் என்றால் முதல் இரண்டும் போதும். ஆயிரக்கணக்கில் வருவார்கள், கண்காட்சி அரங்குகளும் வேண்டும் என்றால் கோட்டை. 1530களில் ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்து அலெஸ்ஸாந்த்ரோவுக்காகக் கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ த சாங்கல்லோ கட்டியது அது, உள்ளே இப்போது நவீனக் கண்காட்சிக் கூடங்கள் இருக்கின்றன. ரயிலில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டே ஹாலுக்கு வந்துவிடலாம் என்பது சின்ன விஷயம் இல்லை, உள்ளூர்ப் பேருந்துச் செலவு முழுவதும் மிச்சம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: முந்தைய நாள் எத்தனை மணியிலிருந்து உள்ளே வந்து தயார் செய்யலாம், வைஃபை ஒரே நேரத்தில் எத்தனை கருவிகளைத் தாங்கும் (ஆளுக்கு இரண்டு கருவி என்று கணக்கிடுங்கள்), வெளியிலிருந்து கேட்டரிங் கொண்டுவரலாமா, தேதியை ரத்து செய்தால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் போகும், சக்கர நாற்காலி எல்லா அறைகளுக்கும் போகுமா. கடைசிக் கேள்விக்கு "போகும்" என்ற வாய்வார்த்தை போதாது. ஒருவர் நேரில் போய் ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும்.

பணம்

ஐஈஈஈ (மின், மின்னணுப் பொறியாளர் சங்கம்), ஏசிஎம் (கணினித் துறைச் சங்கம்) போன்ற அமைப்புகளின் ஆதரவு இரண்டு விதம். சிலவற்றில் அமைப்பே லாப நட்டத்தில் பங்கெடுக்கும், சிலவற்றில் தொழில்நுட்ப ஆதரவு மட்டும், பணப் பொறுப்பு உங்கள் பல்கலைக்கழகத்துடையது. எது உங்களுடையது என்று தெரியாமல் ஒரு யூரோ முன்பணம்கூடக் கட்டாதீர்கள்.

வரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இத்தாலியில் மதிப்புக் கூட்டு வரியை ஈவா என்பார்கள், பொது விகிதம் 22 சதவீதம். நேரில் நடக்கும் நிகழ்ச்சியின் நுழைவுக் கட்டணத்துக்கு, பங்கேற்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், நிகழ்ச்சி நடக்கும் நாட்டின் வரிதான். இதை மறந்தால் என்ன ஆகும் என்று ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஹால், ஒலி ஒளி, இணையதளம் போன்ற நிலையான செலவு 60,000 யூரோ, ஆளுக்குச் சாப்பாடு பேட்ஜ் பை எல்லாம் சேர்த்து 300 யூரோ, இரண்டும் வரி நீங்கலாக. பதிவுக் கட்டணம் 600 யூரோ. மேலோட்டமாகப் பார்த்தால் ஆளுக்கு 300 மிச்சம், 200 பேர் வந்தால் கை கடிக்காது. ஆனால் அந்த 600க்குள் வரி அடங்கியிருந்தால் உங்கள் கைக்கு வருவது 492 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு, அப்போது ஆளுக்கு மிஞ்சுவது 192கூட இல்லை, 313 பேர் வந்தால்தான் செலவு தேறும். நூறு பேருக்கு மேல் வித்தியாசம்! அதனால் பட்ஜெட் தாளில் வரிக்கென்று தனி நெடுவரிசை, எந்த விலைப்புள்ளி வந்தாலும் "ஈவா சேர்த்தா, சேர்க்காமலா" என்பது முதல் கேள்வி. ஒரு இத்தாலியக் கணக்காளரை ஆரம்பத்திலேயே பிடித்துவிடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

எத்தனை பேர் வருவார்கள் என்பதில் குறைந்தபட்ச எண்ணிக்கையை வைத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். புளோரன்ஸ் என்றால் கூட்டம் வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். வரும்தான், ஆனால் அந்தக் கூடுதல் கூட்டத்தை நம்பி ஹால் எடுக்காதீர்கள்.

கட்டுரைகளும் விசாவும், சேர்த்தே திட்டமிடுங்கள்

மதிப்பாய்வு முறை, கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் நிரல் குழு, கட்டுரை வாங்கும் மென்பொருள் எல்லாம் எந்த ஊருக்கும் பொது, அதில் உங்கள் துறைப் பெரியவர்கள் வழிகாட்டுவார்கள். ஊரைப் பொறுத்து மாறுவது தேதிகள்தான். இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். அதோடு விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கோடை காலத்தில் பெரும்பாடு. கட்டுரை ஏற்கப்பட்டது என்ற செய்தியும் மாநாடும் ஆறு வாரத் தூரத்தில் இருந்தால், சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விண்ணப்பிக்கும் ஒரு முதல் வருட ஆராய்ச்சி மாணவி வரவே முடியாது. அவளுடைய கட்டுரையை அவளுக்குப் பதில் விசா தேவைப்படாத இணையாசிரியர் வாசிப்பார். இது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டமாக இருக்கும் விஷயம், ஏற்பாட்டாளர்கள் நினைத்தால் தடுக்கக் கூடியதும்கூட.

ஆகவே பின்னோக்கி எண்ணுங்கள். மாநாடு செப்டம்பர் கடைசியில் என்றால் முடிவு அறிவிப்பு மே மாதத்துக்குள் போய்விட வேண்டும், அதற்கு மூன்று மாத மதிப்பாய்வு என்று வைத்தால் சமர்ப்பிக்கும் கடைசித் தேதி பிப்ரவரி நடுப்பகுதி. கடைசித் தேதியை நீட்டச் சொல்லி நிரல் குழுவில் யாராவது கேட்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் சம்மதிக்காதீர்கள், அந்த நாட்கள் விசாக்காரர்களின் கணக்கிலிருந்துதான் போகின்றன.

அழைப்புக் கடிதத்துக்கு ஒரே ஆளைப் பொறுப்பாக்குங்கள். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், கட்டுரைத் தலைப்பு, மாநாட்டுத் தேதி, இடம், செலவு யாருடையது என்ற தெளிவான வரி, கையெழுத்து, நிறுவன முத்திரை. பணம் கட்டிப் பதிவு செய்தவருக்கு மட்டுமே கடிதம் என்று சில மாநாடுகள் வைத்திருக்கின்றன. கட்டுரை ஏற்கப்பட்டவருக்கு உடனே கொடுங்கள், விசா மறுக்கப்பட்டால் கட்டணத்தைத் திருப்பித் தருவோம் என்பதைப் பதிவுப் பக்கத்திலேயே போடுங்கள். விண்ணப்பிப்பவர் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள், பாதிக் கேள்விகள் குறையும். பாஸ்போர்ட் விவரங்களைப் பொதுவான கூகுள் தாளில் சேகரிக்காதீர்கள், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் கண்டிப்பானது.

தாவீதை லோகோவில் வைக்கலாமா

மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையைப் போட்டு, கையில் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து லோகோ செய்யலாம் என்று குழுவில் கட்டாயம் ஒருவர் சொல்வார். நிறுத்துங்கள். இத்தாலியின் 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, அரசுக் காட்சிக்கூடங்களில் உள்ள படைப்புகளின் உருவத்தை வணிக நோக்கில் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் வேண்டும். தாவீதின் உருவத்தை அனுமதியில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாக வழக்குகளே நடந்திருக்கின்றன. ஸ்பான்சர் பெயர் போட்ட பையிலும் டிஷர்ட்டிலும் அந்த உருவம் வந்தால் அது வணிகமா கல்வியா என்று வாதாட உங்களுக்கு நேரம் இருக்காது. நகரத்தின் சிவப்பு லில்லி மலரும் அப்படித்தான், மாநகராட்சியின் சின்னம் அது. வடிவமைப்பாளரிடம் சொல்லிப் புதிதாக ஒன்றை வரையச் சொல்லுங்கள்.

வருகையும் தங்கலும்

ஊரின் சொந்த விமான நிலையம் பெரெத்தோலா. ஓடுபாதை சின்னது, காற்று சரியில்லை என்றால் விமானத்தைப் பீசாவுக்கோ பொலோஞ்ஞாவுக்கோ திருப்பிவிடுவார்கள். சிறப்புப் பேச்சாளர் முதல் நாள் காலை ஒன்பது மணிக்குப் பேச வேண்டும் என்றால் முந்தைய நாள் மதியத்துக்குள் அவர் ஊரில் இருக்கட்டும். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு 2019 முதல் டி2 டிராம் ஓடுகிறது. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ரோம் வரை விமானம், அங்கிருந்து ஒன்றரை மணி நேர அதிவேக ரயில் என்பது பெரும்பாலும் வசதி. ரயில் வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களில் உத்தரவாதமான சேவை உண்டு. மாநாட்டு வாரத்துக்கு முன் அந்த அறிவிப்புகளைப் பார்ப்பது ஒருவருடைய வேலையாக இருக்கட்டும்.

ஹோட்டல்களில் மொத்தமாக அறை பிடிக்கும்போது, விற்காத அறைகளை எந்தத் தேதிக்குள் பணம் இழக்காமல் திருப்பித் தரலாம் என்று பாருங்கள். மாணவர்களுக்கு ஹாஸ்டல்கள், ரிஃப்ரெதி பக்கம் உள்ள மலிவான அறைகள் என்று தனிப் பட்டியல் கொடுங்கள். ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள் என்பதையும் சொல்லி வையுங்கள். கார் எடுத்து வருபவர்களுக்குத் தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை: பழைய நகரம் வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி, கேமரா படம் பிடிக்கும், அபராதம் வீடு தேடி வரும். சுற்றுலாப் பேருந்து அமர்த்தினாலும் தனி அனுமதி வேண்டும், அதனால் விருந்துக்கு நடந்தே போகும்படி இடம் பிடியுங்கள்.

நிகழ்ச்சி நிரல்: ஊரோடு போட்டி போடாதீர்கள்

உஃப்பீத்ஸி ஓவியக் காட்சிக்கூடமும் தாவீது சிலை இருக்கும் அக்காதேமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். பயிலரங்குகளைத் திங்களில் வைத்து, முக்கிய அமர்வுகளைச் செவ்வாயிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் புதன் மதியம் அரை நாளை அதிகாரபூர்வமாகவே விட்டுவிடுங்கள். விடாவிட்டாலும் பாதிப் பேர் போகத்தான் போகிறார்கள், கடைசியில் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவது முதல்முறை மேடை ஏறும் மாணவராக இருப்பார். அவர்களுடைய கட்டுரைகளைக் காலையில் வையுங்கள், மூத்தவர்களின் குழு விவாதத்தை மாலைக்குத் தள்ளுங்கள்.

அந்த அரை நாளில் என்ன செய்வது? பொறியாளர்களை வரிசையில் நிறுத்தி ஓவியம் பார்க்க வைப்பதைவிட, நகரத்தின் பொறியியலைக் காட்டலாம். பேராலயத்தின் குவிமாடத்தைக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1420இல் தொடங்கி 1436இல் மூடினார், தரையிலிருந்து எழும் மரச் சாரம் இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடுகளாக, செங்கற்களை மீன்முள் வடிவில் அடுக்கி. இன்று அதன் விரிசல்களைக் கருவிகள் தொடர்ந்து அளந்துகொண்டிருக்கின்றன. கட்டமைப்பு, சென்சார், தரவு ஆய்வு என்று எந்தத் துறைக்காரருக்கும் அதில் பேச விஷயம் உண்டு. உச்சிக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது, முன்பதிவு கட்டாயம். ஏற முடியாதவர்களுக்குக் கலிலியோ அருங்காட்சியகம், அவர் பயன்படுத்திய தொலைநோக்கிகள் அங்கே இருக்கின்றன.

சிறப்புரைக்கும் ஒரு யோசனை. 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் மூழ்கிய, 16ஆம் நூற்றாண்டு ஓவியர் வசாரியின் 'இறுதி இராவுணவு' பலகை ஓவியம் ஐம்பது வருடம் கழித்து, 2016இல்தான் சீர்செய்யப்பட்டு இடத்துக்குத் திரும்பியது. அதைச் செய்தது ஒப்பிஃபீச்சோ தெல்லே பியெத்ரே துரே என்ற மீட்பு நிறுவனம், அதன் ஓவியப் பட்டறை இருப்பது அதே ஃபோர்த்தெஸ்ஸா கோட்டையில். பொருளறிவியல், படமெடுப்பு, ரோபோட்டிக்ஸ் எதுவாக இருந்தாலும், அங்கிருந்து ஒருவரைப் பேச அழைப்பதற்கு நல்ல காரணம் கிடைக்கும். அழைப்பை ஒரு வருடம் முன்பே அனுப்புங்கள்.

விருந்துக்குப் பலாத்ஸோ வெக்கியோ என்ற பழைய அரண்மனையின் ஐந்நூற்றுவர் மண்டபம் எல்லாருடைய கனவு. 54 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம், மேலே வசாரியின் கூரை. அது மாநகராட்சியின் கையில் இருக்கும் கட்டடம் என்பதால் விண்ணப்பம், பதில், நிபந்தனை எல்லாம் மெதுவாகத்தான் நகரும். இரண்டாவது இடம் ஒன்றைப் பேசி வைத்துக்கொண்டு முயலுங்கள்.

சாப்பாடு

புளோரன்ஸ் இருக்கும் தொஸ்கானா பகுதியின் சமையல் இறைச்சி நிறைந்தது, ஆனால் சைவர்களுக்கு அங்கே குறையே இல்லை. தக்காளியும் ரொட்டியும் சேர்ந்த பப்பா அல் பொமொதோரோ, பீன்ஸ், கீரை, ரொட்டி போட்ட ரிபொல்லித்தா இரண்டும் அந்த ஊர் ஏழைகளின் சமையல், நன்றாகவே இருக்கும். ரிபொல்லித்தாவில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டும். பார்மெசான் சீஸில் பாலை உறைய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பதால் கண்டிப்பான சைவர்கள் சாப்பிட மாட்டார்கள், கேட்டரிங்காரருக்கு இது தெரிந்திருந்தாலும் நமக்கு அது முக்கியம் என்று தெரிந்திருக்காது. பதிவுப் படிவத்தில் சைவம், வீகன், ஹலால், ஒவ்வாமை என்று தனித்தனியாகக் கேட்டு, பேட்ஜிலேயே சின்ன அடையாளம் போட்டுவிடுங்கள். ஊர் ரொட்டியில் உப்பு இருக்காது, அது அங்கத்து வழக்கம், யாரும் புகார் செய்ய வேண்டாம்.

மாநாட்டு வாரம்

ஆய்வை விளக்கும் போஸ்டர் என்ன அளவு, நெடுக்கா குறுக்கா என்பதை ஏற்பு மின்னஞ்சலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இத்தாலிய மின்சாக்கெட்டில் மூன்று துளைகள் ஒரே வரிசையில் இருக்கும், இந்திய, பிரிட்டிஷ் பிளக்குகள் நுழையாது, பதிவு மேசையில் ஒரு பெட்டி அடாப்டர் வையுங்கள். எல்லா ஸ்லைடுகளையும் முந்தைய இரவே வாங்கி ஒரே கணினியில் ஏற்றிவிடுங்கள். அவசர எண் 112 பேட்ஜின் பின்பக்கம் அச்சாகட்டும். வர முடியாமல் போனவர்களின் பட்டியலைத் தினமும் எழுதி வைத்தால், வாசிக்கப்படாத கட்டுரைகள் பற்றிப் பதிப்பாளர் கேட்கும்போது நினைவைத் துழாவ வேண்டியிருக்காது. விசா கிடைக்காமல் வராதவரை அந்தப் பட்டியலில் தனியாகக் குறியுங்கள், அவர் பதிவு செய்து அனுப்பிய காணொளியை அவருடைய அமர்விலேயே ஓட்டி, கேள்வி நேரத்துக்கு அவரை இணையத்தில் இணையுங்கள்.

முடிந்த பிறகு

பங்கேற்புச் சான்றிதழும் கட்டண ரசீதும் ஒரு வாரத்துக்குள் போக வேண்டும். இந்தியக் கல்லூரிகளில் பயணச் செலவைத் திரும்ப வாங்க இரண்டும் இல்லாமல் முடியாது, கடன் வாங்கி வந்த மாணவர்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். ரசீதில் மாணவரின் பெயரும் கல்லூரியின் பெயரும் இரண்டும் இருக்கட்டும். கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பாளருக்கு அனுப்பும் வேலையும் வரிக் கணக்கும் அதற்கு அடுத்து, மாணவர்களின் காகிதங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு.